ஒரு லீற்றர் எண்ணெய் ஒரு கிலோவா?



"ஒரு கிலோ தேங்காய் எண்ணெய் வாங்கி வாங்க மகன்" என்று சொல்லிப் பிள்ளையைக் கடைக்கு அனுப்புகிறீர்கள். பிள்ளையின் கையில் நீங்கள் கொடுத்து விடுவது ஒரு லீற்றர் போத்தல். கடைக்காரர் அந்தப் போத்தலை நிரப்பி, ஒரு கிலோவுக்குரிய பணத்தை எடுத்துக்கொண்டு பிள்ளையை அனுப்பி விடுகிறார். போத்தல் நிறைந்திருக்கிறது. உங்கள் மனமும் நிறைந்து விடுகிறது. ஆனால் அந்தப் போத்தலுக்குள் இருப்பது ஒரு கிலோ எண்ணெய் அல்ல. ஏறக்குறைய 80 கிராம் குறைகிறது!

கடைக்காரர் வேண்டுமென்றே ஏமாற்றினாரா? அப்படிச் சொல்லி விட முடியாது. ஒரு லீற்றரும் ஒரு கிலோவும் ஒன்றுதான் என்று அவரும் நினைத்திருக்கலாம். நம்மில் பலர் அப்படித்தானே நினைத்துக்கொண்டிருக்கிறோம்? தண்ணீருக்கு அந்தக் கணக்குச் சரி. ஒரு லீற்றர் தண்ணீர் ஏறக்குறைய ஒரு கிலோதான். ஆனால் எண்ணெய் தண்ணீர் அல்லவே! கறியை அடுப்பிலிருந்து இறக்கிச் சற்று நேரம் வைத்தால் எண்ணெய் மேலே வந்து மிதப்பதை நாம் தினமும் பார்க்கிறோம். மிதக்கிறதென்றால் அது தண்ணீரை விட இலேசானது என்பதுதானே பொருள்? இலேசான பொருள் ஒரு லீற்றரை நிரப்பினாலும் ஒரு கிலோவை எட்டாது.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி, எண்ணெயை ஒவ்வொரு துளியாகப் பார்த்துப் பார்த்து ஊற்ற நமக்குக் கற்றுக் கொடுத்தது. வீட்டிலிருந்தபடியே கூந்தல் எண்ணெய், சவர்க்காரம், கேக் வகைகள் செய்து விற்று, குடும்பச் செலவுக்குக் கைகொடுக்கும் சகோதரிகளும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். வாங்கும்போது நாம் ஏமாறாமல் இருக்கவும், விற்கும்போது நம்மால் பிறர் ஏமாறாமல் இருக்கவும் இந்தச் சிறிய கணக்கை அறிந்து வைத்திருப்பது அவசியம்.

அளவை வேறு, நிறை வேறு

இந்த விடயம் நமக்குப் புதியதல்ல. நம் மூத்தம்மாமார் நன்றாக அறிந்திருந்ததுதான். ஒரு சுண்டு அரிசியையும் ஒரு சுண்டு அரிசி மாவையும் தராசில் வைத்துப் பாருங்கள். சுண்டு ஒன்றுதான். ஆனால் அரிசி கனக்கும், மா இலேசாக இருக்கும். சுண்டு அளப்பது இடத்தை. தராசு அளப்பது கனத்தை. இரண்டும் இரு வேறு கேள்விகள். ஒன்றின் விடையை மற்றதற்குக் கொடுக்க முடியாது.

மார்க்கத்திலும் இதற்கு நல்லதோர் உதாரணம் உண்டு. ஸகாத்துல் ஃபித்ரை நாம் ஒரு 'ஸாஉ' என்று கொடுக்கிறோம். ஒரு ஸாஉ என்பது நான்கு 'முத்து'. ஸாஉ என்பது முகந்து அளக்கும் அளவையே தவிர, நிறுத்துப் பார்க்கும் நிறையல்ல. அதனால்தான் அதைக் கிலோவில் சொல்ல வரும்போது அரிசிக்கு ஒரு நிறை, கோதுமைக்கு வேறொரு நிறை, பேரீச்சம் பழத்துக்கு இன்னொரு நிறை என்று வருகிறது. ஒவ்வொரு வருடமும் நோன்புப் பெருநாள் நெருங்கும்போது "ஏன் இந்தக் கிலோக் கணக்கில் சிறு வித்தியாசங்கள் வருகின்றன?" என்று கேட்பவர்கள் உண்டு. பாத்திரம் ஒன்றாக இருந்தாலும் அதை நிரப்பும் தானியம் மாறினால் நிறையும் மாறும் என்பதே விடை.

நபி (ஸல்) அவர்களின் காலத்தில் மக்காவாசிகள் வியாபாரிகள், நிறுத்துப் பழகியவர்கள். மதீனாவாசிகள் விவசாயிகள், தானியத்தையும் பேரீச்சம் பழத்தையும் முகந்து அளந்து பழகியவர்கள். நிறைக்கு மக்காவாசிகளின் நிறையையும், அளவைக்கு மதீனாவாசிகளின் அளவையையும் ஆதாரமாகக் கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியதாக ஹதீஸ் நூல்களில் வந்திருக்கிறது. நமது ஃபிக்ஹ் நூல்களும் அளக்கப்படும் பொருள்கள், நிறுக்கப்படும் பொருள்கள் என்று இரு வகையாகவே பிரித்துப் பேசுகின்றன. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது என்பது எவ்வளவு பழைய பாடம் பாருங்கள்!

நினைவில் வைக்க ஒரே ஓர் எண்

ஒரு மில்லிலீற்றர் பொருள் எத்தனை கிராம் என்று சொல்லும் எண்ணை 'அடர்த்தி' என்கிறோம். தண்ணீரின் அடர்த்தி ஏறக்குறைய 1. நாம் சமையலுக்குப் பயன்படுத்தும் தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், சோயா எண்ணெய், சைத்தூன் எண்ணெய் ஆகியவற்றின் அடர்த்தி 0.91க்கும் 0.92க்கும் அண்மையிலேயே இருக்கிறது. ஆகவே வீட்டுக் கணக்குக்கு 0.92 என்ற ஒரே எண்ணை மனதில் பதித்துக்கொண்டால் போதும்.

கணக்கு இதுதான்:

லீற்றரைக் கிலோவாக்க 0.92ஆல் பெருக்குங்கள்.
கிலோவை லீற்றராக்க 0.92ஆல் வகுங்கள்.

மில்லிலீற்றருக்கும் கிராமுக்கும் இதே கணக்குத்தான். எதைப் பெருக்குவது, எதை வகுப்பது என்று குழப்பம் வந்தால் ஒன்றை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்: எண்ணெய் இலேசானது. எனவே மில்லிலீற்றர் கிராமாக மாறும்போது எண் குறைய வேண்டும். கிராம் மில்லிலீற்றராக மாறும்போது எண் கூட வேண்டும். விடை அப்படி வரவில்லையென்றால் கணக்கைத் திருப்பிப் போட்டு விட்டோம் என்று அறிந்துகொள்ளலாம்.

கணிப்பானைத் தேடாமல் பார்த்துக்கொள்ளச் சில விடைகள் இதோ. சமையலறை அலுமாரியின் உட்பக்கத்தில் எழுதி ஒட்டி வையுங்கள்.

1 லீற்றர் எண்ணெய் – 920 கிராம்
750 மில்லிலீற்றர் போத்தல் – 690 கிராம்
500 மில்லிலீற்றர் – 460 கிராம்
250 மில்லிலீற்றர் கோப்பை – 230 கிராம்
1 மேசைக்கரண்டி, அதாவது 15 மில்லிலீற்றர் – ஏறக்குறைய 14 கிராம்

1 கிலோ எண்ணெய் – 1,087 மில்லிலீற்றர்
500 கிராம் – 543 மில்லிலீற்றர்
250 கிராம் – 272 மில்லிலீற்றர்
100 கிராம் – 109 மில்லிலீற்றர்

ஆமணக்கெண்ணெய் மட்டும் இந்தக் கூட்டத்தில் சேராது. அது கெட்டியானது, கனமானது. அதன் அடர்த்தி ஏறக்குறைய 0.96. ஆகவே 100 மில்லிலீற்றர் ஆமணக்கெண்ணெய் 96 கிராம் இருக்கும். அழகுப் பொருள்களில் சேரும் கிளிசரின் எண்ணெய் போலத் தோன்றினாலும் தண்ணீரை விடக் கனமானது. 100 மில்லிலீற்றர் கிளிசரின் ஏறக்குறைய 126 கிராம். தேன் அதனிலும் கனம். ஒரு 750 மில்லிலீற்றர் போத்தல் தேன் ஒரு கிலோவையும் தாண்டி விடும். அதே போத்தலில் எண்ணெயை ஊற்றினால் 700 கிராமைக்கூட எட்டாது!

போத்தலா, லீற்றரா, கிலோவா?

நமது நாட்டில் எண்ணெய்க்குப் 'போத்தல்' என்பது ஒரு பழைய அளவு. ஆறு போத்தல் ஒரு கலன் என்பது அக்காலக் கணக்கு. கலன் போய் லீற்றர் வந்த பிறகும் போத்தல் நம்மை விட்டுப் போகவில்லை. இன்று போத்தல் என்றால் 750 மில்லிலீற்றர். ஒரு கடையில் போத்தல் விலை, இன்னொரு கடையில் லீற்றர் விலை, மூன்றாவது கடையில் கிலோ விலை என்று இருந்தால் எது மலிவு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கணக்கு விளங்குவதற்காக ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். முதற் கடையில் ஒரு கிலோ 1,000 ரூபா. இரண்டாவது கடையில் ஒரு லீற்றர் 950 ரூபா. மூன்றாவது கடையில் ஒரு போத்தல் 700 ரூபா. மேலோட்டமாகப் பார்த்தால் லீற்றர் கிலோவை விட 50 ரூபா மலிவு போலத் தெரிகிறது. பொறுங்கள்! அந்த 950 ரூபாவுக்கு நமக்குக் கிடைப்பது 920 கிராம். ஒரு கிலோவுக்கு என்று பார்த்தால் 1,033 ரூபா ஆகிறது. போத்தலில் கிடைப்பது 690 கிராம். அதைக் கிலோவுக்கு மாற்றினால் 1,014 ரூபா. ஆகவே விலை அதிகம் போலத் தோன்றிய முதற் கடைதான் உண்மையில் மலிவு!

இன்னும் இலகுவான ஒரு வழியும் உண்டு. மூன்று போத்தல் எண்ணெய் ஏறக்குறைய இரண்டு கிலோ. மூன்று போத்தலின் விலையையும் இரண்டு கிலோவின் விலையையும் மனதுக்குள் ஒப்பிட்டுப் பார்த்தாலே எது இலாபம் என்று தெரிந்து விடும்.

பக்கற்றிலும் போத்தலிலும் அடைத்து வரும் எண்ணெயை வாங்கும்போது, முன்பக்கத்துப் படத்தைப் பார்ப்பதோடு நின்று விடாதீர்கள். தேறிய அளவு கிராமில் போட்டிருக்கிறதா, மில்லிலீற்றரில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்துப் பக்கத்தில் ஒரே உயரத்தில் நிற்கும் இரண்டு போத்தல்களில் ஒன்று 1 லீற்றராகவும் மற்றது 1 கிலோவாகவும் இருக்கலாம். இரண்டின் விலையும் ஒன்றாக இருந்தால் கிலோவை எடுப்பவருக்கு 80 கிராம் கூடுதலாகக் கிடைக்கிறது.

அந்த எட்டுக் கிலோ யாருடையது?

இந்தப் பகுதியைக் கடை வைத்திருக்கும் உங்கள் கணவருக்கோ வாப்பாவுக்கோ நானாவுக்கோ வாசித்துக் காட்டுங்கள்.

ஒரு வியாபாரி மொத்த வியாபாரியிடம் 100 கிலோ எண்ணெயை நிறுத்து வாங்குகிறார். கடையில் சில்லறையாக விற்கும்போது தராசை எடுக்காமல், லீற்றர் அளவையால் முகந்து, "ஒரு கிலோ, ஒரு கிலோ" என்று கொடுக்கிறார். 100 கிலோ எண்ணெய் ஏறக்குறைய 108.7 லீற்றர். எனவே 100 கிலோ வாங்கியவர் 108 'கிலோ' விற்று, அதற்குப் பின்னும் எண்ணெய் மிச்சம் வைத்திருப்பார். கிலோ 1,000 ரூபா என்றால் அவருக்கு 8,700 ரூபா மேலதிகமாக வந்திருக்கிறது. அது விலையில் வைத்த இலாபமல்ல. இலாபத்துக்கும் மேலே, வாங்கியவர்களின் போத்தல்களிலிருந்து 80 கிராம், 80 கிராமாக வந்து சேர்ந்தது. அந்த எட்டுக் கிலோ யாருடையது?

வித்தியாசம் தெரியாமல் செய்தவர் தெரிந்தவுடன் திருத்திக்கொள்ளலாம். தெரிந்துகொண்டே தொடர்பவரின் நிலை என்ன? அல்குர்ஆனின் 83ஆவது ஸூராவுக்கே 'அல்முதஃப்பிஃபீன்', அதாவது அளவிலும் நிறையிலும் குறைப்பவர்கள் என்றுதான் பெயர். தமக்கு வாங்கும்போது நிறைவாக வாங்கிக்கொண்டு, பிறருக்கு அளந்தோ நிறுத்தோ கொடுக்கும்போது குறைப்பவர்களை அந்த ஸூரா தொடக்கத்திலேயே கடுமையாக எச்சரிக்கிறது. அளப்பதையும் நிறுப்பதையும் அங்கு தனித்தனியாகச் சொல்லியிருப்பதைக் கவனியுங்கள். நிறுத்து வாங்கி முகந்து விற்கும் நம் எண்ணெய்க் கணக்கு அந்த எச்சரிக்கைக்கு எவ்வளவு அருகில் வந்து நிற்கிறது!

இன்னொரு பக்கமும் உண்டு. 20 லீற்றர் கேன் ஒன்றை வாங்கி வந்து அதை 20 கிலோ என்று எண்ணிக் கிலோக் கணக்கில் நிறுத்து விற்கும் சிறு வியாபாரிக்கு, கேனில் உண்மையில் இருப்பது 18.4 கிலோதான். கடைசியில் 1.6 கிலோ எங்கே போனது என்று அவர் தலையைச் சொறிவார். வேலைக்கு நிற்கும் பையனைச் சந்தேகிப்பார். அறியாமை விற்பவரையும் விடாது, வாங்குபவரையும் விடாது. ஒரு பாவமும் அறியாத மூன்றாவது ஆளையும் அது பிடித்துக்கொள்ளும்.

தீர்வு எளிது. கிலோ விலை போட்டால் நிறுத்துக் கொடுக்க வேண்டும். லீற்றர் விலை போட்டால் முகந்து கொடுக்க வேண்டும். எந்தக் கணக்கில் விலையோ அந்தக் கணக்கிலேயே கொடுக்க வேண்டும். வாங்குபவர் கேட்க வெட்கப்படவும் கூடாது. "நானா, இந்த விலை கிலோவுக்கா, லீற்றருக்கா?" என்று கேட்பது சண்டைக்குப் போவதல்ல. போத்தலோடு சேர்த்து நிறுத்தால் வெறும் போத்தலின் நிறையைக் கழித்தாரா என்று பார்ப்பதும் நம் உரிமைதான். அளவு கருவிகளை ஒழுங்குபடுத்த 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும், பாவனையாளரைப் பாதுகாக்க 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டமும் நமது நாட்டில் இருக்கின்றன. சொல்லியும் திருந்தாதவர் விடயத்தில் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறையிடலாம்.

சமையலறையில்

அன்றாடக் கறிக்கும் பொரியலுக்கும் இந்தக் கணக்குத் தேவையில்லை. கை அளவே போதும். ஆனால் கேக், பிஸ்கட் போன்றவற்றைச் செய்முறை பார்த்துச் செய்யும்போது கவனம் வேண்டும். "200 கிராம் எண்ணெய்" என்று எழுதியிருந்தால் அளவுக் கோப்பையில் 200 மில்லிலீற்றர் ஊற்றி விடாதீர்கள். அது 184 கிராம்தான். 217 மில்லிலீற்றர் ஊற்றினால்தான் 200 கிராம் ஆகும். மாறாக "200 மில்லிலீற்றர்" என்று எழுதியிருந்தால் தராசில் 184 கிராம் வரை ஊற்றினால் போதும்.

கோப்பை என்று எழுதியிருந்தால் எந்த நாட்டுக் கோப்பை என்பதையும் பாருங்கள். அமெரிக்கச் செய்முறைகளில் கோப்பை ஏறக்குறைய 240 மில்லிலீற்றர். அதில் எண்ணெய் 220 கிராம் அளவில் இருக்கும். கடைகளில் கிடைக்கும் பல அளவுக் கோப்பைகள் 250 மில்லிலீற்றர். அவுஸ்திரேலியாவில் மேசைக்கரண்டி 20 மில்லிலீற்றர், மற்ற நாடுகள் பலவற்றில் 15 மில்லிலீற்றர்.

ஒரு கேக்கில் 16 கிராம் எண்ணெய் குறைந்தால் பெரிதாக ஒன்றும் நடந்து விடாது. ஆனால் பெருநாளைக்கு ஐம்பது கேக்குக்கு ஓடர் எடுத்திருக்கும் சகோதரிக்கு அது 800 கிராம். செலவுக் கணக்குப் போடும்போது அது விளையாட்டல்ல.

கூந்தல் எண்ணெய் செய்பவர்களுக்கு

கறிவேப்பிலை, நெல்லிக்காய், வெந்தயம், மருதோன்றி சேர்த்துத் தேங்காய் எண்ணெய் காய்ச்சி விற்கும் சகோதரிகளே, இது உங்களுக்கு.

5 கிலோ எண்ணெய் வாங்கினால் 5,000 மில்லிலீற்றர், ஆகவே 100 மில்லிலீற்றர் போத்தல் 50 வரும் என்று கணக்குப் போடுகிறீர்களா? 5 கிலோவில் இருப்பது ஏறக்குறைய 5,435 மில்லிலீற்றர். இலைகளும் வெந்தயமும் உறிஞ்சுவதும் பாத்திரத்தில் ஒட்டுவதும் போக மிஞ்சுவதை அளந்து பார்த்து அதன் பிறகே ஒரு போத்தலின் அடக்க விலையைத் தீர்மானியுங்கள். ஒவ்வொரு முறை காய்ச்சும்போதும் எவ்வளவு போட்டோம், எவ்வளவு வந்தது என்று ஒரு கொப்பியில் எழுதி வைத்தால் நான்கைந்து தடவைக்குள் உங்கள் கைக்கே கணக்கு வந்து விடும்.

லேபல் ஒட்டும்போதும் கவனம் வேண்டும். 100 மில்லிலீற்றர் போத்தலை நிரப்பி அதில் "100 கிராம்" என்று எழுதினால் அது உண்மையல்ல. உள்ளே இருப்பது 92 கிராம். 50 போத்தலில் 400 கிராம் இல்லாத எண்ணெயை நாம் விற்றதாகி விடும். "100 மில்லிலீற்றர்" என்று எழுதுங்கள். அதே எண்ணெய், அதே போத்தல், அதே விலை. ஒரு சொல் மாறியதும் வியாபாரம் சுத்தமாகி விடுகிறது!

சவர்க்காரம்: இங்கு தவறக் கூடாது

மேலே சொன்னவற்றில் கணக்குத் தவறினால் நட்டம் பணத்தோடு போகும். வீட்டில் சவர்க்காரம் செய்யும்போது தவறினால் தோலில் வந்து நிற்கும்.

எண்ணெயோடு கோஸ்டிக் சோடாக் கரைசல் சேர்ந்துதான் சவர்க்காரம் உருவாகிறது. இவ்வளவு எண்ணெய்க்கு இவ்வளவு சோடா என்ற அளவுகள் எல்லாம் நிறையிலேயே கணக்கிடப்பட்டவை. 500 கிராம் தேங்காய் எண்ணெய் முழுவதையும் சவர்க்காரமாக்க ஏறக்குறைய 91 கிராம் சோடா வேண்டும். சோடா மிஞ்சிவிடக் கூடாது என்பதற்காக அதில் நூற்றுக்கு ஐந்து பங்கைக் குறைத்து, 87 கிராம் அளவில் போடுவது வழக்கம்.

இப்போது ஒருவர் 500 கிராமுக்குப் பதிலாக 500 மில்லிலீற்றர் ஊற்றி விட்டார் என்று வையுங்கள். பாத்திரத்தில் இருப்பது 460 கிராம் எண்ணெய். அதற்கு முழுவதுமாகவே 84 கிராம் சோடா போதும். அவர் போட்டதோ 87 கிராம். பாதுகாப்புக்காகக் குறைத்ததெல்லாம் வீணாகி, மிஞ்சிய சோடா சவர்க்காரத்துக்குள் தங்கி விடுகிறது. அதைத் தேய்த்துக் குளிக்கும் பிள்ளையின் தோல் எரியும், சிவக்கும்.

ஆகவே சவர்க்காரம் செய்பவர்கள் எண்ணெய், சோடா, தண்ணீர் மூன்றையும் தராசில் நிறுத்தே எடுக்க வேண்டும். அளவுக் கோப்பையை அந்தப் பக்கம் கொண்டு போகவே வேண்டாம். எப்போதும் சோடாவைத் தண்ணீரில் சிறிது சிறிதாக இட வேண்டும். சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. கொதித்துத் தெறிக்கும். கைக்கு உறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகளை அண்ட விடாதீர்கள்.

வெடிப்புக்குப் பூசும் தைலம் செய்பவர்களுக்கும் நிறையே நல்லது. ஒரு பங்கு தேன்மெழுகுக்கு நான்கு பங்கு எண்ணெய் என்றால், 20 கிராம் மெழுகுக்கு 80 கிராம் எண்ணெய், அதாவது 87 மில்லிலீற்றர்.

சூட்டிலும் குளிரிலும்

தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 பாகை செல்சியஸுக்குக் கீழே உறையத் தொடங்கும். கொழும்பிலும் காத்தான்குடியிலும் ஓடித் திரியும் எண்ணெய், நுவரெலியாவில் காலையில் போத்தலுக்குள் வெண்ணெய் போல இறுகி நிற்கும். இறுகியதைக் கரண்டியால் அள்ளி அளந்தால் இடையில் காற்று நின்று அளவு பிழைக்கும். உருக்கிய பின் அளக்க வேண்டும், அல்லது நிறுக்க வேண்டும்.

எண்ணெய் சூடாகும்போது விரிகிறது. ஒரு லீற்றர் எண்ணெய் 10 பாகை சூடேறினால் ஏறக்குறைய 7 மில்லிலீற்றர் கூடும். நிறை மட்டும் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. இது வீட்டுக்குச் சிறிய விடயம். ஆனால் பெரிய வியாபாரத்தில் சிறிய விடயமல்ல. அண்டை நாடான இந்தியாவில் சில எண்ணெய்க் கம்பனிகள் 60 பாகை வெப்பநிலையில் உள்ள நிறையைப் பக்கற்றில் குறிப்பிட்டு வந்தன. ஒரு லீற்றர் சோயா எண்ணெய் 21 பாகையில் 919.1 கிராம், 60 பாகையில் 892.6 கிராம்தான். வெப்பநிலையை உயர்த்திக் காட்டினால், ஒரு லீற்றர் என்ற பெயரிலேயே 26 கிராமுக்கு மேல் குறைத்து அடைத்து விட முடியும்! 2022 ஓகஸ்டில் இந்திய அரசாங்கம், வெப்பநிலையைக் குறிப்பிடாமல் லீற்றரோடு சரியான நிறையையும் போட வேண்டும் என்று கம்பனிகளைப் பணித்து, 2023 ஜனவரி 15 வரை தவணை கொடுத்தது.

நீங்களே சோதித்துப் பாருங்கள்

வீட்டில் ஒரு சிறிய இலத்திரனியல் தராசு இருந்தால் உங்கள் எண்ணெயின் எண்ணை நீங்களே கண்டுபிடிக்கலாம். அளவுக் கோப்பை இல்லையா? குழந்தையின் பால் போத்தலில் மில்லிலீற்றர் கோடுகள் இருக்கின்றனவே!

வெறும் பாத்திரத்தைத் தராசில் வைத்து எண்ணைப் பூச்சியத்துக்குக் கொண்டு வாருங்கள். முதலில் 200 மில்லிலீற்றர் தண்ணீரை அளந்து ஊற்றுங்கள். தராசு ஏறக்குறைய 200 கிராம் காட்டினால் அளவுக் கோடும் தராசும் சரி. பின்னர் நன்றாகத் துடைத்து உலர்த்தி விட்டு, அதே கோடு வரை எண்ணெய் ஊற்றி நிறுங்கள். 184 கிராம் அளவில் வரும். அந்த நிறையை 200ஆல் வகுத்தால் 0.92. பாடசாலை செல்லும் பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். அடர்த்திப் பாடம் அவர்களுக்கு ஆயுளுக்கும் மறக்காது.

ஒன்றை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். தேங்காய் எண்ணெயில் பாம் எண்ணெய் கலந்திருக்கிறதா என்று இந்தச் சோதனை சொல்லாது. இரண்டின் அடர்த்தியும் கிட்டத்தட்ட ஒன்றேதான். நிறை சரியாக இருப்பதால் எண்ணெய் சுத்தம் என்று முடிவு கட்டி விட வேண்டாம்.

சகோதரிகளே! மத்யன் வாசிகளிடம் நபி ஷுஐப் (அலை) அவர்கள் அனுப்பப்பட்டபோது, ஏகத்துவத்தை அடுத்து அவர்கள் வலியுறுத்திப் பேசியது அளவையும் நிறையையும் பற்றித்தான். ஸூரத்துர் ரஹ்மானில், வானத்தை உயர்த்தியதைச் சொன்ன கையோடு அல்லாஹ் தராசைப் பற்றிச் சொல்கிறான். எண்பது கிராம் எண்ணெய் நமது பார்வையில் அற்பமானது. ஒரு ஏழை வீட்டில் அது ஒரு நேரப் பொரியல். நாளை மறுமையில் அது மீஸானில் வைக்கப்படும் ஒரு பொருள்.

இன்று எண்ணெய் வாங்கப் போகும்போது, இன்ஷா அல்லாஹ், அந்த ஒரே எண்ணை நினைத்துக்கொள்ளுங்கள்: 0.92. வாங்குவதிலும் விற்பதிலும் நீதியோடு நடக்க அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக! ஆமீன்.